சராசரிக்கு முகம் கிடையாது

அக்கா பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பாட்டு மேஜையில் ஒரு நெகட்டிவ் துண்டை வைத்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மாமா, கரெக்டா மீட்டர் பண்ணித்தான் எடுத்தேன். ரெண்டு சிவப்பு அம்பும் எரிஞ்சுது. சத்தியமா."

"அப்புறம் என்னடா?"

"பாட்டி வரல."

பாட்டி என்று அவன் சொன்னது என் அம்மாவை. ஊரில், திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவை, நண்பனிடம் இரவல் வாங்கிய லைகா எம்6 கேமராவில் எடுத்திருக்கிறான். மத்தியானம் பன்னிரண்டு மணி. தெருவில் தீயாக வெயில். ஸ்கேன் செய்ததைப் போனில் காட்டினான். தெரு பிரமாதம். எதிர்வீட்டுச் சுவரில் உரிந்த போஸ்டர், சாத்திவைத்த சைக்கிள், வேப்பமரத்தின் ஒவ்வொரு இலையும் துல்லியம். படத்தின் இடது பக்கம் திண்ணை. அங்கே ஒரு புடவை உட்கார்ந்திருந்தது. வெள்ளைப் புடவை, படத்தில் சாம்பலாக. புடவைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. உற்றுப் பார்த்தால் அந்த இருட்டுக்குள் ஒரு சின்னப் புள்ளி. மூக்குத்தி.

படம் எடுத்து மூன்றாவது வாரம் அம்மா போய்விட்டாள். ரோலைக் கழுவி வாங்கியது அதற்கப்புறம். அதனால்தான் பையன் முகம் அப்படி.

"கேமரா தப்பா மாமா, நான் தப்பா?"

இந்த வாரப் பஞ்சாயத்து அதுதான்.

* * *

இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் கழுத்தில் பழைய ஃபிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அதில் தனி ஜாதி ரேஞ்ச்ஃபைண்டர். நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, ஃபிலிம் பார்க்கும் கண் வேறு. ஜன்னலுக்குள் இரண்டு பிம்பம் தெரியும். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். இதில் ஒரு விபரீதம் உண்டு. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். மூடியையே 36 தடவை படமெடுத்து, பயபக்தியோடு கழுவக் கொடுத்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள்.

அதாவது இந்த கேமராவில் கண்ணுக்குத் தெரிவதற்கும் ஃபிலிமில் விழுவதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்பதைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குக்குப் பெயர் எக்ஸ்போஷர்.

கணக்கு எளிது. லென்ஸின் துவாரம் எவ்வளவு பெரிசு, ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருக்கிறது. அவ்வளவுதான். துவாரத்தை ஒரு படி சுருக்கினால் வெளிச்சம் பாதி. நேரத்தை இரண்டு மடங்காக்கினால் சரியாகிவிடும். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. பி.காம். முதல் வருஷம் பாஸ் செய்தவனுக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு படியையும் 'ஸ்டாப்' என்பார்கள். எல்லாமே இரட்டிப்பு, இல்லாவிட்டால் பாதி.

ரொம்ப காலம் லைகாக்காரர்கள் இந்தக் கணக்கை வெளியே போட்டார்கள். 1954-ல் வந்த எம்3-யில் மீட்டர் கிடையாது. வேண்டுமானால் தலையில் தனியாக ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். கேமராவுக்குள்ளேயே, லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் லைகா ரேஞ்ச்ஃபைண்டரில் முதலில் வந்தது 1971-ல், எம்5-ல். அது குண்டாக இருந்தது, ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 1984-ல் எம்6. பழைய அழகான உடம்பு, உள்ளே மீட்டர். 2002 வரை ஓடியது. 2022-ல் கம்பெனியே அதைத் தூசி தட்டி மறுபடியும் வெளியிட்டது.

எம்6-ன் மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள், பஞ்சாயத்துக்கு அது முக்கியம். ஷட்டர் திரையின் நடுவில் 12 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதை உள்ளே ஒரு சின்னக் கண் அளக்கிறது. ஜன்னலில் இரண்டு சிவப்பு அம்பு. ஒன்று மட்டும் எரிந்தால் வெளிச்சம் கம்மி, மற்றது மட்டும் எரிந்தால் ஜாஸ்தி, இரண்டும் சமமாக எரிந்தால் 'சரி'.

எது சரி? அங்கேதான் விஷயம்.

* * *

அந்தப் பொட்டு படத்தின் மொத்தப் பரப்பில் சுமார் 13 சதவிகிதம்தான். நடுவில் இருப்பதைத்தான் அது பார்க்கும். பையன் படத்தை எப்படி அமைத்திருந்தான்? அழகாக, பாட்டியை இடது ஓரத்தில் வைத்து. நடுவில் என்ன இருந்தது? தெரு. மீட்டர் தெருவை அளந்தது. தெருவுக்குச் சரியான பதிலைச் சொன்னது. தெரு சரியாக வந்தது. மீட்டர் மேல் என்ன புகார் சொல்வது?

சரி, கேமராவைத் திருப்பி, பாட்டி மேல் வைத்து அளந்திருந்தால்? ஓரளவு தேறியிருக்கும். ஆனால் அப்போதும் ஒரு சிக்கல். நடுவில் முக்கால்வாசி வெள்ளைப் புடவை இருக்கும். மீட்டருக்குப் புடவையும் தெரியாது, பாட்டியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு நிறம். நடுச் சாம்பல். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில், விழுகிற வெளிச்சத்தில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். எதைக் காட்டினாலும் 'இது சராசரியாக நடுச் சாம்பல்தான்' என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்லும். வெள்ளைச் சுவரைக் காட்டுங்கள், சாம்பலாக்கும். கறுப்பு எருமையைக் காட்டுங்கள், அதையும் சாம்பலாக்கும். சுவரும் எருமையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால்தான் ஓரளவுக்கு நியாயம் கிடைக்கும்.

வணிகவியல் படித்தவர்களுக்கு சராசரி மேல் ஒரு பக்தி உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் ஒரு கடையில் பத்து நாள் வியாபாரமே இல்லை, பதினோராவது நாள் அமோகம் என்றால், சராசரியைப் பார்த்து அந்தப் பத்து நாள் முதலாளி சாப்பிட்டாரா என்று சொல்ல முடியாது. சராசரி பொய் சொல்வதில்லை. கேட்காத கேள்விக்கு உண்மையான பதில் சொல்கிறது. அது இன்னும் ஆபத்து.

திண்ணைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய புகைப்படக்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. நல்ல வெயிலில் துவாரம் எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் வேகத்தின் தலைகீழ். 400 ஃபிலிம் என்றால் 400-ல் ஒரு பங்கு விநாடி. கேமராவில் அதற்கு நெருக்கமானது 500-ல் ஒரு பங்கு. லேசாக மங்கினால் எஃப் 11, மேகம் என்றால் 8, திறந்த நிழல் என்றால் 5.6 அல்லது அதற்கும் கீழே. ஃபிலிம் டப்பாவோடு வரும் தாளிலேயே பல காலம் இது அச்சாகி வந்தது. பையனின் மீட்டரும் தெருவுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறது. 500, எஃப் 16.

திண்ணை நிழல் அதைவிட மூன்று ஸ்டாப் கீழே. அதாவது வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு. அம்மா நல்ல கறுப்பு. அதற்கு இன்னொரு ஸ்டாப் கீழே. ஆக, பதினாறில் ஒரு பங்கு. அந்த ஆழத்தில் ஃபிலிமில் அநேகமாக எதுவுமே பதியாது. வெள்ளைப் புடவைக்கு இயற்கையாகவே இரண்டு ஸ்டாப்புக்கு மேல் கையிருப்பு இருந்ததால் அது சாம்பலாகவாவது பிழைத்தது. கறுப்பு முகத்துக்கு அந்தக் கையிருப்பு இல்லை.

நிழலும் சராசரியும் சேர்ந்தால் முதலில் காணாமல் போவது கறுப்பு முகம்தான்.

* * *

இது வெறும் மீட்டர் சமாச்சாரம் இல்லை. யாரைச் சராசரியாக வைத்து அளக்கிறோம் என்பது கருவிகளுக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்ட சங்கதி. கலர் ஃபிலிம் காலத்தில், பிரின்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாடலின் பெயரால் அந்த அட்டைக்கே 'ஷிர்லி' என்று பெயர் நிலைத்துவிட்டது. அவள் தோல் நிறம் சரியாக வந்தால் மெஷின் சரி. 1950களில் ஆரம்பித்து பல வருஷம் உலகத்துத் தோலுக்கெல்லாம் ஷிர்லிதான் அளவுகோல். பல நிறத்துப் பெண்களும் சேர்ந்திருக்கும் அட்டை வர 1990கள் ஆயிற்று.

நம்மூர் ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்ணுக்குப் பவுடரை அப்பி, மூஞ்சிக்கு நேரே லைட்டைப் பிடித்ததை நாம் அழகு ஆசை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம். அளவுகோலுக்குத் தக்கபடி ஆளை மாற்றுகிற வேலையும் அதில் இருந்தது.

அதற்காக எதிர்ப்பக்கம் போய்விடவும் கூடாது. அம்மாவின் முகத்துக்குப் பக்கத்திலேயே கேமராவைக் கொண்டுபோய், முகத்தை மட்டும் அளந்து, மீட்டர் சொன்னதை அப்படியே வைத்திருந்தால்? கறுப்பு முகம் நடுச் சாம்பலாகி, ஒரு ஸ்டாப் வெளுத்துப்போயிருக்கும். இருட்டில் தொலைப்பது ஒரு பொய் என்றால், வெளுப்பாக்குவது இன்னொரு பொய். கறுப்பு முகம் கறுப்பாகவே வர வேண்டும்; அதில் கன்னமும் சுருக்கமும் சிரிப்பும் தெரிய வேண்டும். துல்லியம் என்றால் அதுதான் துல்லியம்.

* * *

"மீட்டரே வேண்டாம் சார், கண்தான் மீட்டர்" என்று ஒரு கோஷ்டி உண்டு. உடனே கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெயரை இழுப்பார்கள். ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் (1908-2004), லைகாவைக் கையின் ஆறாவது விரல் மாதிரி வைத்திருந்தவர். மீட்டர் இல்லாத கேமராவில், வெளிச்சத்தைக் கண்ணால் எடைபோட்டே எடுத்தவர்.

இந்தப் புராணத்தில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதில்லை. அவர் தன் படங்களைத் தானே பிரின்ட் போட்டவர் இல்லை. பாரிஸில் பியேர் காஸ்மன் நடத்திய பிக்டோ லேபில் கைதேர்ந்த ஆட்கள் போட்டார்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கொஞ்சம் தாராளமானது. வெளிச்சம் ஒன்றிரண்டு ஸ்டாப் கூடிப்போனால் மன்னித்துவிடும். நல்ல பிரின்டர் கிடைத்தால் மானத்தைக் காப்பாற்றிவிடுவார். ஆனால் குறைந்துபோனால் மன்னிப்பே கிடையாது. ஃபிலிமில் விழாததை எந்தப் பிரின்டராலும் உண்டாக்க முடியாது. 'கண்தான் மீட்டர்' என்று வீறாப்புப் பேசுபவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தையாவது மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

கலர் ஸ்லைடுக்கு அந்தத் தாராளமும் கிடையாது. அரை ஸ்டாப் கூடினால் வெளுத்துவிடும். அந்தக் கஞ்ச ஃபிலிமை வைத்துக்கொண்டு நம்மூர்த் தெருக்களை வாழ்நாள் பூராவும் எடுத்தவர் ரகுபீர் சிங் (1942-1999). 1967-ல் பீகாரில் மோங்கிர் பக்கம் மழையில் நனைந்து ஒடுங்கி நிற்கும் பெண்களை எடுத்தாரே, அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். மழை வெளிச்சம் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுகிறது. கடும் வெயில் இல்லை, கடும் நிழலும் இல்லை. சராசரியும் முகமும் சமாதானமாக இருக்கும் அபூர்வமான வேளை அது. மழை நாளில் மீட்டரை நம்பலாம். நம்மூர் மத்தியான வெயிலில் நம்பக் கூடாது.

கார்த்தியே-ப்ரெஸ்ஸோனுக்கு வருவோம். 1948 ஜனவரி 30. அன்று மத்தியானம் டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்துவிட்டு வந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் காந்தி சுடப்படுகிறார். திரும்ப ஓடுகிறார். இருட்டிவிட்டது. மாளிகை வாசலில், திரண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் நேரு நின்று, காந்தி இறந்துவிட்டதை அறிவிக்கிறார். அந்தப் படம் இருக்கிறது.

பரீட்சைப் பேப்பர் மாதிரித் திருத்தினால் அந்தப் படம் ஃபெயில். நேருவின் உருவம் கலங்கியிருக்கிறது. விளக்கு வெளுத்துப்போய் எரிகிறது. சுற்றிலும் இருட்டு. கையில் அன்றைய மீட்டர் ஒன்று இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. செலினியம் மீட்டர்கள் அந்த வெளிச்சத்தில் முள்ளை அசைக்கவே கஷ்டப்படும். விளக்கைக் காட்டியிருந்தால் முள் துள்ளிக் குதித்திருக்கும், 'போதும் போதும், வெளிச்சத்தைக் குறை' என்று சொல்லியிருக்கும். அதைக் கேட்டிருந்தால் விளக்கு அழகாக வந்திருக்கும். நேரு வந்திருக்க மாட்டார்.

படத்தைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. விளக்கு எப்படியோ போகட்டும், எனக்கு அந்த மனிதர் வேண்டும் என்று ஒருத்தர் முடிவெடுத்திருக்கிறார். ஷட்டர் கொஞ்ச நேரம் கூடத் திறந்திருந்ததால் உருவம் கலங்கியது. அது அவர் தெரிந்து கொடுத்த விலை. ஃப்ளாஷ் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அதே மாளிகையில் மார்கரெட் போர்க்-ஒயிட் ஃப்ளாஷ் போட்டு, துக்கத்தில் இருந்தவர்கள் கோபப்பட்டு, ஃபிலிம் பறிபோன கதையும் அன்று நடந்ததுதான். இருக்கிற வெளிச்சத்துக்குப் பணிந்துபோனவருக்குப் படம் கிடைத்தது.

இந்தப் படத்தைக் காட்டி, 'பார்த்தீர்களா, கலங்கினாலும் கலைதான்' என்று தங்கள் சோம்பேறித்தனத்துக்கு நியாயம் தேடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கலங்கியது சாதனை இல்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருந்ததே, அதுதான் சாதனை. அதை எந்த மீட்டரும் சொல்லாது.

* * *

"போன்ல எடுத்திருந்தா பாட்டி வந்திருப்பாங்க மாமா" என்றான் பையன்.

உண்மை. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்றைய போன் படத்தில் முகம் எங்கே என்று தேடுகிறது. வெளிச்சத்தை முகத்துக்குத் தக்கபடி வைக்கிறது. நாலைந்து படத்தை ஒன்றாகக் கலந்து தெருவையும் காப்பாற்றி, திண்ணையையும் காப்பாற்றுகிறது. ஆனால் அங்கேயும் யாரோ ஒருத்தர் முடிவெடுத்திருக்கிறார். எங்கேயோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, முகம் எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். பல போன்கள் கேட்காமலே நம்மை ஒரு சுற்று வெளுத்துக் காட்டுவது அதனால்தான். எம்6 அந்த முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறது. நாம் எடுக்காவிட்டால் யாரும் எடுப்பதில்லை. அந்த கேமராவின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

"அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"கையை நீட்டு" என்றேன்.

நீட்டினான். உள்ளங்கையைத் திருப்பச் சொன்னேன். மனிதத் தோலில் உள்ளங்கை ஒரு அதிசயம். ஆள் கறுப்போ சிவப்போ, உள்ளங்கையின் நிறத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. நடுச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளுப்பு. ஆள் எந்த வெளிச்சத்தில் இருக்கிறாரோ அதே வெளிச்சத்தில் உன் உள்ளங்கையைப் பிடி. கேமராவைக் கிட்டே கொண்டுபோய், நடுப்பகுதி முழுக்கக் கை நிறையும்படி வைத்து அளந்துகொள். ஃபோகஸ் பற்றிக் கவலை வேண்டாம். நிழல் கையில் விழாமல் பார்த்துக்கொள். இரண்டு அம்பும் எரியட்டும். அதற்கப்புறம் ஒரு ஸ்டாப் கூடத் திற. அவ்வளவுதான். இனி கேமராவை எங்கே திருப்பினாலும், அம்பு என்ன கூப்பாடு போட்டாலும் கண்டுகொள்ளாதே. வெளிச்சம் மாறினால் மட்டும் மறுபடி அள. கறுப்பு கறுப்பாக வரும், வெள்ளை வெள்ளையாக வரும். தெரு கொஞ்சம் வெளுக்கும். வெளுக்கட்டும். தெரு எங்கேயும் போய்விடாது.

"இதுக்குப் பாட்டி பக்கத்துல போயிருக்கணும்" என்றான்.

"ஆமாம். ரெண்டு நிமிஷம் திண்ணையில உட்கார்ந்திருக்கணும்."

தீர்ப்பு இதுதான்: கேமரா மேல் தப்பில்லை, மீட்டர் மேலும் தப்பில்லை. பையன் மேல் தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தெருவில் நின்றபடி ஒரு சராசரியைக் கேட்டான், அது கிடைத்தது. நானும் எத்தனையோ தடவை வாசலில் நின்றபடி "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்ற சராசரிப் பதிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவன்.

அந்த நெகட்டிவைத் தூக்கிப் போடவில்லை. தெரிந்த பிரின்டர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தோம். இருட்டை எவ்வளவு இழுத்தாலும் வெறும் மணல்தான் வருகிறது என்று கைவிரித்தார். கடைசியில் படத்தை அப்படியே, இருட்டோடு இருட்டாக, பெரிசாகப் போட்டு வாங்கி வந்தான் பையன். இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் தெருவைப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கே, எந்த ஊரு?" என்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரர்கள் மட்டும் இடது ஓரத்தில் மூக்குத்தியைத் தேடுகிறோம்.